திறந்து வைக்கப்படாத முடிவுக் கோடு

ஒன்றியத்தின் பெயர் நீளமானது. பலெர்மோ ஐக்கிய தமிழர் விளையாட்டு பண்பாட்டு நலன்புரி மேம்பாட்டு ஒன்றியம். பதாகையில் எழுதினால் துணி போதாது, வாயால் சொன்னால் மூச்சுப் போதாது. ஆகவே சனங்கள் ஒன்றியம் என்றே சொன்னார்கள். கோபம் வந்தால் ‘உவங்கள்’ என்றார்கள்.

முன்பு பெயர் இதைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. ஒரு பொங்கல் விழாவில் ஒலிவாங்கியை யார் முதலில் பிடிப்பது என்ற கொள்கைப் பிரச்சினையில் சங்கம் இரண்டாக உடைந்தது. உடைந்த கையோடுதான் ‘ஐக்கிய’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள்.

பிரிந்துபோன மற்றப் பாதி, வசந்தகாலத்தில் கடற்கரை வீதியில் ஓர் ஓட்டப்போட்டி வைத்துப் படங்களையும் போட்டுவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து ஒன்றியத் தலைவர் ஜெயரட்ணத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு இத்தாலியின் அந்தப் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு பலசரக்குக் கடை. மிளகாய்த்தூள் நிறுத்துக் கொடுத்துக்கொண்டே யோசித்தார். கடைசியில் கைத்தொலைபேசியில் ஒரு காணொளி அகப்பட்டது. வெள்ளைக்காரர் காட்டுக்குள்ளே சேற்றில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்து ஓடுகிறார்கள். சிரிக்கவும் செய்கிறார்கள்.

“இதைத்தான் நாங்கள் செய்யப்போறம்,” என்றார் நிர்வாகக் கூட்டத்தில். “அவை றோட்டிலை ஓடினவை. நாங்கள் காட்டுக்கை ஓடுவம். இலையுதிர்கால ஆற்றங்கரைக் காட்டோட்டம். ஐரோப்பாவிலை தமிழர் ஆரும் செய்யாத வேலை.”

“ஆரண்ணை ஓடுறது?” என்று ஒருவர் கேட்டார்.

அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

ஆனாலும் கேள்வி கேள்விதான். ஒன்றியத்தில் தலைவர் இருந்தார், உபதலைவர்கள் இருந்தார்கள், காப்பாளர்கள், போசகர்கள், ஆலோசகர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஓடக்கூடியவர்கள் இல்லை. ஆகவே பரிசு அறிவிக்கப்பட்டது. முதலாம் பரிசு ஒரு லாப்பா.

லாப்பா என்பது பலெர்மோக்காரர் மரக்கறி விற்கவும் பழைய சாமான் ஏற்றவும் வைத்திருக்கும் மூன்று சக்கரக் குட்டி லொறி. முன்னுக்கு ஒருவர் முடங்கி இருக்கலாம், பின்னுக்கு ஒரு பெட்டி. ஜெயரட்ணத்தின் கடைவாசலில் அப்படி ஒன்று நெடுங்காலமாய் நின்றது. இலக்கத்தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது. எடுக்காவிட்டால் தண்டம் என்று மாநகரசபைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போன மறுநாள்தான் ஜெயரட்ணத்துக்கு இளைஞர்களின் விளையாட்டு வளர்ச்சி பற்றிய அக்கறை பொங்கியது.

அந்த லாப்பாவை ஒவ்வொரு நாளும் விடிய ஒருவன் பார்த்துக்கொண்டு போவான். பெயர் பிறின்ஸ். மன்னார்க்காரன், நாற்பதைத் தாண்டியவன். பல்லாரோ சந்தையில் தூக்குகிற வேலை. சந்தை ஒழுங்கைகளுக்குள் லொறி போகாது. ஆகவே வீதியில் நிற்கும் லொறிக்கும் கடைகளுக்கும் இடையில் பிறின்ஸ் போவான். தக்காளிப் பெட்டி, கத்தரிப் பெட்டி, ஐஸ் ஒழுகும் மீன்பெட்டி. வலது தோளில் ஒரு காய்ப்பு, எலும்புக்கு மேல் இன்னோர் எலும்பு முளைத்த மாதிரி. சட்டை போட்டாலும் தெரியும்.

ஒரு லாப்பா இருந்தால் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சாமான் ஏற்றலாம். நாலு கடைக்குக் கொடுக்கலாம். ‘ஓய், இஞ்சை வா’ என்று எவனும் விரல் சொடுக்க மாட்டான். தோளும் கொஞ்சம் ஆறும். பிறின்சின் ஆசை அவ்வளவுதான். அதற்கு மேல் ஆசைப்பட அவனுக்கு நேரமும் இருக்கவில்லை.

“நான் ஓடப்போறன்,” என்றான் வீட்டில்.

அவன் மனைவி அனிற்றா வீடுகள் துடைக்கப் போகிறவள். சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பியும் பார்க்கவில்லை.

“இஞ்சேருங்கோ, நீங்கள் கடைசியா ஓடினது எப்ப?”

“போர்கோ வெக்கியோவிலை நாய் கலைக்கேக்கை.”

“அதிலையும் நாய்தானே முதலாவதா வந்தது.”

“நாய்க்கு லாப்பா தேவையில்லை,” என்றான் பிறின்ஸ்.

அனிற்றா அரிசியை உலையில் போட்டாள். அடுத்தநாள் வேலை செய்யும் வீட்டின் சிஞ்ஞோரா அம்மாவின் மகன் கழித்துவிட்ட சப்பாத்துச் சோடியைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். ஒரு நம்பர் பெரிசு. பிறின்ஸ் முன்னுக்குத் துணி அடைத்துக்கொண்டான்.

ஒன்றியமும் மும்முரமாய் வேலை செய்தது. மேடைக் குழு, மங்கல விளக்குக் குழு, பொன்னாடைக் குழு, ஒலிபெருக்கிக் குழு, தேநீர்க் குழு, படப்பிடிப்புக் குழு என்று குழுக்கள் அமைந்தன. ஓடும் பாதைக்கும் ஒரு குழு அமைந்தது. ஆனால் அதன் பொறுப்பாளருக்கு மேடையில் கதிரை இல்லை என்று தெரிந்ததும் அவர் கொள்கை அடிப்படையில் விலகிவிட்டார். பாதையைக் காட்டுவதற்கென்று மரங்களில் கட்ட வாங்கிய சிவப்பு வெள்ளை நாடா அப்படியே சுருளாய்க் கிடந்தது. மேடை வெறிச்சென்று இருப்பதைக் கண்ட மேடைக் குழு, அதை எடுத்துத் தூண்களுக்குச் சுற்றிப் பூவும் செய்துவிட்டது. எல்லோரும் வடிவு என்றார்கள்.

பிரதம விருந்தினராகச் சூரிச்சிலிருந்து குகதாசன் வந்தார். விளையாட்டுத்துறைப் புரவலர் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. எந்த விளையாட்டு என்று போடவில்லை.

ஓட்ட நாளான ஞாயிற்றுக்கிழமை காலை, முதல்நாள் பெய்த மழையில் ஓரேத்தோ ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நாணல் ஆளுயரத்துக்கு மேல். பொப்லார் மரங்கள் மஞ்சள் இலைகளைச் சேற்றில் கொட்டியிருந்தன. இலைக்குக் கீழே சேறு, சேற்றுக்குக் கீழே யாரோ எறிந்த உடுப்புத் தோய்க்கும் மெசின். வீதியிலிருந்து ஆற்றுக்கு ஒரு சரிவு இறங்குகிறது. அந்தச் சரிவின் அடியில், ஆற்றங்கரைப் பாதை தொடங்கும் இடத்தில், பாதைக்குக் குறுக்கே மேடை போட்டிருந்தார்கள். வேறு தட்டையான இடம் இருக்கவில்லையாம். ஓடுபவர்கள் மேடையைச் சுற்றிப் போய்க்கொள்ளலாம் என்று தீர்மானம்.

பிறின்ஸ் நேரத்துக்கே வந்துவிட்டான். கை காலை உதறிக்கொண்டு நின்றவனிடம் ஒன்றியச் செயலாளர் விதுரன் வந்தான். சின்ன வயது, கோட்டுச் சூட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அந்த அட்டையை அவன் வீட்டிலும் கழற்றுவதில்லை என்று பேச்சு.

“நீங்கள் பிறின்ஸ் அண்ணைதானே? பல்லாரோவிலை தூக்கிறவர்?”

“ஓம் தம்பி. ஆனா இண்டைக்கு நான் ஓடுறவன்.”

“ஓட்டம் இன்னும் துவங்கேல்லைத்தானே அண்ணை. அதுவரைக்கும் தூக்கிறவர்தான்.”

பிறின்ஸ் சரிவில் ஏறினான். வீதியில் வான் நின்றது. ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கினான். மின்பிறப்பாக்கியை இறக்கினான். மேடைக் கதிரைகளை இறக்கினான். கடைசியாக லாப்பாவை ஒரு லொறியில் கொண்டுவந்தார்கள். அதன் எஞ்சின் வேலை செய்யாது, பிரேக்கும் பிடிக்காது. நாலைந்து பேர் பின்பக்கமாய் இழுத்துப்பிடித்து அதைச் சரிவில் இறக்கி மேடைக்குப் பக்கத்தில் கல் வைத்து நிறுத்தினார்கள். பிறின்ஸ் தன் கையாலேயே அதற்குக் கல் வைத்தான். பூனைமணம் இன்னும் போகவில்லை. பரவாயில்லை என்று நினைத்தான். கழுவலாம். எஞ்சினைத் திருத்தலாம்.

எட்டு மணிக்கு ஓட்டம் என்று சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்குப் பிரதம விருந்தினர் இன்னும் நித்திரை. பிறகு குளித்தார். பிறகு அவர் வந்தார். வந்தவரை ஓட்ட வீரர்கள் இரண்டு வரிசையில் நின்று பூத்தூவி வரவேற்றார்கள். வீரர்கள் இருபது பேர் மட்டில் இருந்தார்கள். சிந்துஜன் என்ற பெடியன் ஒருவன்தான் உண்மையான ஓட்டக்காரன். நல்ல சப்பாத்து, காலோடு ஒட்டிய காற்சட்டை. அவன் கையிலும் பூத்தட்டைக் கொடுத்திருந்தார்கள்.

“அண்ணை, எப்ப ஓடுவம்?” என்று பிறின்சின் காதுக்குள் கேட்டான்.

“முதல்லை தூவு,” என்றான் பிறின்ஸ்.

மங்கல விளக்கை ஏற்றுவதற்கு எண்ணுக்கணக்கில்லாத பேர் அழைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு திரியையும் ஒவ்வொரு பிரமுகர் ஏற்ற, ஆற்றுக்காற்று ஒவ்வொன்றாய் அணைத்தது. அணைந்தது யாருடைய திரி என்பதில் பிரச்சினை வந்தது. உபதலைவர் ஒருவர் தன்னுடையதை வேண்டுமென்றே ஊதினார்கள் என்றார். குடை பிடித்து மறுபடி முதலிலிருந்து ஏற்றினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் சிசிலியக் கிழவன் வேலிக்கு வெளியே வந்து ஒலிபெருக்கியைப் பார்த்து “பாஸ்தா! பாஸ்தா!” என்று கத்தினான். போதும் நிறுத்துங்கள் என்று அர்த்தம். உள்ளூர் மக்களும் உற்சாகமாய்க் கலந்துகொள்வதாக விதுரன் ஒலிவாங்கியில் அறிவித்தான்.

பிறகு பொன்னாடைகள். விருந்தினர் தலைவருக்குப் போர்த்தினார், தலைவர் விருந்தினருக்குப் போர்த்தினார், இருவரும் சேர்ந்து போசகருக்குப் போர்த்தினார்கள். சால்வை முடிந்துபோக, முதலில் போர்த்தப்பட்டவரிடமிருந்து கழற்றி மற்றவருக்குப் போர்த்தினார்கள்.

தலைவர் ஜெயரட்ணம் பேச எழுந்தார்.

“அன்பார்ந்த புலம்பெயர் உறவுகளே! இன்று இங்கே சிலர் ஓடப்போகிறார்கள். ஓடுவது பெரிய காரியமில்லை. மாடும் ஓடும். ஆனால் ஓட வைப்பது இருக்கிறதே, அதற்குத் தலைமை வேண்டும். நான் ஓடவில்லை. ஆனால் இந்த ஓட்டமே என்னால்தான் ஓடுகிறது. சிலர் கேட்கிறார்கள், இவ்வளவு பேச்சு எதற்கு என்று. நான் திருப்பிக் கேட்கிறேன், பேச்சு இல்லாவிட்டால் இது வெறும் ஓட்டமாக அல்லவா போய்விடும்? இதோ நிற்கிறதே இந்த வாகனம், என் சொந்த வியர்வையில் வாங்கியது. என் பிள்ளையைப்போல வைத்திருந்தேன். இதை இந்தச் சமூகத்துக்காகத் துறக்கிறேன்.”

“கரகோசம்!” என்றான் விதுரன். எல்லோரும் கைதட்டினார்கள். வீரர்களும் தட்டினார்கள். காலையிலிருந்து ‘கரகோசம்’ என்ற சொல் கேட்டதும் கை தன்பாட்டில் சேரும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

அடுத்தது பிரதம விருந்தினர். அவர் ஒலிவாங்கியைப் பிடித்த பிடியிலேயே ஆற்றங்கரையில் அன்று மத்தியானம் சாப்பாடு இல்லை என்பது விளங்கிவிட்டது.

“நான் என் வாழ்க்கையில் ஓடியதில்லை,” என்று தொடங்கினார். “ஓடவேண்டிய தேவை எனக்கு வரவில்லை. என் இடத்துக்கு மற்றவர்கள் ஓடி வருவார்கள். உடலுழைப்பின் பெருமையை நான் எப்போதும் மதிப்பவன். அதனால்தான் அதை மற்றவர்களுக்கே விட்டுவைத்திருக்கிறேன்.”

கரகோசம். இடையில் ஆற்றுச் சத்தம் பேச்சுக்கு இடைஞ்சலாக இருப்பதாக ஒலிபெருக்கிக் குழு முறைப்பாடு செய்தது. ஆற்றை என்ன செய்வதென்று மேடையிலேயே கொஞ்சநேரம் கலந்து பேசினார்கள். பிறகு பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார்கள். அக்கரைக் கிழவன் காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு கையை ஆட்டி யாருடனோ கதைக்கத் தொடங்கினான்.

ஒருவாறு கொடி அசைக்கும் நேரம் வந்தது. பிறின்ஸ் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினான். அனிற்றா சரிவில் குடையோடு நின்றாள். விருந்தினர் கொடியை அசைத்தார். எல்லோரும் பாய்ந்தார்கள்.

“திரும்பி வாங்கோ! திரும்பி வாங்கோ!” என்று ஒலிபெருக்கி அலறியது. “படம் வரேல்லை. கொடி ஐயாவின்ரை முகத்தை மறைச்சுப்போட்டுது.”

திரும்பி வந்தார்கள். மறுபடி கொடி. மறுபடி பாய்ச்சல். இந்தமுறை தலைவர் கண்ணை மூடிவிட்டார். மறுபடி வந்தார்கள். மூன்றாம்முறை எல்லாம் சரி, வீரர்கள்தான் சரியில்லையாம். முகத்தில் உற்சாகம் காணாது என்றான் படக்காரன். நாலாம்முறை கூப்பிட்டபோது சிலர் திரும்பி வரவில்லை. ஓடியபடியே நாணலுக்குள் புகுந்து, மேட்டில் ஏறி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைய நிகழ்ச்சியில் ஓட்டத்தை ஒழுங்காக முடித்தவர்கள் அவர்கள்தான்.

கடைசியில் நிசமாகவே ஓடினார்கள்.

ஆற்றோடு மேலே போய், பழைய கல்லுப்பாலத்தைத் தொட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். இதுதான் சொல்லப்பட்டது. பாதை போகப்போக இரண்டாய்ப் பிரிந்தது, மூன்றாய்ப் பிரிந்தது. காட்ட வேண்டிய நாடா மேடைத்தூணில் பூவாய் இருந்தது. முன்னுக்குப் பறந்துபோன சிந்துஜன் ஒரு கிளைப்பாதையில் இறங்கி, ஆழமில்லாத இடத்தில் ஆற்றைக் கடந்து, அக்கரைக் கிழவனின் எலுமிச்சைத் தோட்டத்துக்குள் போய்விட்டான். அங்கே நாய் இருந்தது. வேறு சிலர் நாணலுக்குள் ஆளையாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு சுற்றினார்கள்.

பிறின்ஸ் வேகமாய் ஓடவில்லை. மீன்தண்ணீர் வழுக்கும் சந்தை ஒழுங்கையில் பெட்டியோடு போகிற அதே மாதிரி, காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனான். தோளில் பெட்டி இல்லாதது முதலில் ஒருமாதிரி இருந்தது. கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு பழகிவிட்டது. இலை மணத்தது. யாரும் கூப்பிடவில்லை. இப்படி வெறுங்கையோடு போவது நல்லாய்த்தான் இருக்கிறது என்று நினைத்தான்.

பாலத்தடியில் தேநீர்க் குழு மேசை போட்டிருந்தது. நாகபூசணி அக்கா நின்றாள். மேசையில் மீன் ரோல்ஸ், பிளாஸ்க்கில் தேநீர், அடுக்கிய தண்ணீர்ப் போத்தல்கள்.

“அக்கா, ஒரு தண்ணி,” என்றான் பிறின்ஸ் மூச்சு வாங்க.

“ஐயோ தம்பி, பிரதம விருந்தினர் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை. அவர் துவக்கி வைக்காமல் ஒண்டிலையும் கை வைக்கக்கூடாதாம்.”

“நான் தேத்தண்ணி கேக்கேல்லை. பச்சைத்தண்ணி.”

“தண்ணியும் தேநீர்க் குழுவுக்குக் கீழைதான் வருதாம். நேற்றுத் தீர்மானம் போட்டவை.” அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி நின்று பாலத்தைப் பார்த்தாள். “நான் இப்ப அங்காலை பாத்துக்கொண்டு நிக்கிறன். எனக்குப் பின்னாலை என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. ரோல்சும் எண்ணேல்லை.”

குடித்தான். ஒரு ரோல்ஸ் வாய்க்குள் போயிற்று. பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

வரும்போது அவனுக்கும் வழி குழம்பியது. நாணல் எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் தூரத்தில் பிரதம விருந்தினரின் குரல் கேட்டது. ஓட்டம் நடக்கும்போதும் அவர் பேச்சை விடவில்லை. குரல் பெரிதாகும் பக்கமாய் ஓடினான். அந்தப் பேச்சால் ஒருவன் பிரயோசனப்பட்டான் என்றால் அது இந்த இடத்தில்தான்.

கடைசி வளைவில் மேடை தெரிந்தது. முன்னால் யாருமில்லை. பின்னால் பார்த்தான். வெகுதூரத்தில் சேறு அப்பிய ஓர் உருவம், சிந்துஜனாக இருக்க வேண்டும். சரிவில் அனிற்றா குடையைத் தலைக்குமேல் சுழற்றினாள். “வாங்கோப்பா! வாங்கோ! ஆருமில்லை!” மேடைக்குப் பக்கத்தில் லாப்பா நின்றது. பிறின்சுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

முடிவுக் கோட்டில் இரண்டு பேர் ஒரு சிவப்புப் பட்டு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை வெள்ளித்தட்டில் கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு நின்றது.

“நில்லுங்கோ!” என்று விதுரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தான். “நாடாவைத் தொடாதேங்கோ! ஐயா இன்னும் வெட்டேல்லை!”

பிறின்ஸ் நின்றுவிட்டான்.

ஏன் நின்றான் என்று பிறகு அனிற்றா பலமுறை கேட்டிருக்கிறாள். அவனுக்கே தெரியாது. ஆனால் தெரியாதது ஒன்றுமில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில், அகதி அலுவலகத்தின் வாசலில், ஆசுப்பத்திரிக் கண்ணாடிக்கு முன்னால், எவனோ கையைத் தூக்கி நில் என்றால் அவன் நின்றிருக்கிறான். கோட்டுச் சூட்டும் கழுத்தில் அட்டையும் கண்டால் அவன் கால் தன்பாட்டில் நிற்கும். நாடாவுக்கு ஒரு முழம் இப்பால் நின்றான்.

“தம்பி, நான் முதலாவது,” என்றான்.

“அதை ஆரண்ணை மறுத்தது? நீங்கள் முதலாவதுதான். ஆனா கோடு இன்னும் திறந்து வைக்கப்படேல்லை. திறக்காத கோட்டை நீங்கள் எப்பிடிக் கடக்கலாம்?”

“கோட்டுக்குக் கதவு இருக்கோ?”

“அண்ணை, நீங்கள் படிக்காத ஆக்கள் மாதிரிக் கதைக்காதேங்கோ. இது நிகழ்ச்சி ஒழுங்கு. ஐயா பேசி முடிச்சு வருவார்.”

ஐயா பேசிக்கொண்டிருந்தார். நாடாவுக்கு இப்பால் பிறின்ஸ் நின்றான். சிந்துஜன் வந்து சேர்ந்தான். காற்சட்டையின் பின்பக்கம் கிழிந்திருந்தது. பிறகு ஒருவர், பிறகு இருவர். பொறுமை கெட்ட ஒருவன் நாடாவுக்குக் கீழால் குனிந்து போகப் பார்த்தான். மரபை அவமதித்ததாக அவனைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். வேர்வை காய்ந்து குளிர் பிடித்தது. எல்லோரும் ஒரு வரிசையாகிவிட்டார்கள், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வந்த சனம் மாதிரி.

“ஆர் கடைசி?” என்று பின்னால் வந்தவர் பழக்கதோசத்தில் கேட்டார்.

ஒருவழியாய் விருந்தினர் இறங்கி வந்தார். கத்தரிக்கோல் மொட்டை. பட்டு அறுபடவில்லை. படக்காரன் வேறு கோணம் கேட்டான். ஜெயரட்ணம் தன் பையிலிருந்த கடைச்சாக்கு வெட்டும் கத்தியை எடுத்துக் கொடுத்தார். நாடா அறுந்தது. விருந்தினர் கைகூப்பிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்து, முடிவுக் கோட்டைக் கடந்தார்.

“கரகோசம்!”

தட்டினார்கள். பிறின்சும் தட்டிக்கொண்டே பின்னால் கடந்தான். அனிற்றா சரிவிலிருந்து இறங்கி வந்தாள்.

நடுவர் குழு மேடைக்குப் பின்னால் கூடிப் பேசியது. பேசிவிட்டு விதுரன் ஒலிவாங்கிக்கு வந்தான். முகத்தில் நீதி வழிந்தது.

“போட்டி விதிப்படி, முடிவுக் கோட்டை முதலில் கடப்பவரே வெற்றியாளர். அந்த வகையில், எமது இலையுதிர்கால ஆற்றங்கரைக் காட்டோட்டத்தின் முதலாம் இடத்தைப் பெறுபவர், சூரிச்சிலிருந்து வருகை தந்திருக்கும் எமது பிரதம விருந்தினர் திரு குகதாசன் அவர்கள்!”

விருந்தினர் முதலில் மறுத்தார். கையை ஆட்டி, தலையை ஆட்டி, நெஞ்சில் கைவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றார். நன்றாய்த்தான் மறுத்தார். பிறகு ஓடிய எல்லோருடைய சார்பிலும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

“உவருக்கேன் லாப்பா?” என்றாள் அனிற்றா எல்லோருக்கும் கேட்க. “சூரிச்சிலை தக்காளி விக்கப்போறாரோ?”

“அக்கா, உணர்ச்சிவசப்படாதேங்கோ,” என்றான் விதுரன். “அண்ணைக்கு இரண்டாம் இடம். பங்குபற்றியதற்கான கேடயம் வரும். செய்யக் குடுத்திருக்கு.”

பிறின்ஸ் லாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ மாலை போட்டிருந்தார்கள் அதற்கு.

அடுத்தது வெற்றிப் பவனி. விருந்தினர் லாப்பாவில் ஏறி இருக்க, வீரர்கள் அதைத் தள்ளிச் சரிவில் ஏற்றி வீதிக்குக் கொண்டுபோக வேண்டும். குகதாசன் முடங்கிக்கொண்டு உள்ளே ஏறினார். பொன்னாடை கதவில் சிக்கியது.

“பிறின்ஸ் தம்பி,” என்று ஜெயரட்ணம் அவன் தோளில் தட்டினார், சரியாக அந்தக் காய்ப்பில். “நீர் நடுவிலை பிடியும். நீர் தூக்கிறனீர்தானே.”

பிடித்தான். சிந்துஜன் ஒரு பக்கம், மற்றவர்கள் பின்னால். சேற்றில் சில்லு வழுக்கியது. பிறின்ஸ் குனிந்து வலது தோளைப் பெட்டியின் அடியில் கொடுத்தான். லாப்பா அசைந்தது. ஏறியது. பாதிச் சரிவில் பாரம் முழுவதும் அவன் தோளில் வந்து இறங்கியது. உள்ளேயிருந்து விருந்தினர் இரண்டு பக்கமும் கையசைத்தார். படக்காரன் முன்னுக்கு ஓடிவந்து முட்டுக்காலில் இருந்தான்.

கீழே ஒலிபெருக்கி முழங்கியது. “இந்த வரலாற்று நிகழ்வுக்கு எல்லாரும் ஒருக்காப் பலத்த கரகோசம்! எல்லாரும்! தள்ளுற ஆக்களும்!”

தள்ளியவர்கள் பிறின்சைப் பார்த்தார்கள். பிறின்ஸ் ஒரு கணம் யோசித்தான். காலையிலிருந்து சொன்னதையெல்லாம் செய்தாயிற்று. தூக்கென்றால் தூக்கினான், தூவென்றால் தூவினான், நில்லென்றால் நின்றான். இது ஒன்றை மட்டும் ஏன் மறுப்பான்.

தோளை எடுத்தான். பக்கத்துக்கு ஒதுங்கி நிமிர்ந்து நின்றான். இரண்டு கையாலும் பலமாய்க் கைதட்டினான்.

மற்றவர்களும் கையெடுத்து ஒதுங்கித் தட்டினார்கள்.

லாப்பா பின்பக்கமாய்ப் புறப்பட்டது. முதலில் மெல்ல, மரியாதையாய். பிறகு வேகம் பிடித்தது. மேடையின் ஒரு தூணை உரசி, சுற்றியிருந்த சிவப்பு வெள்ளை நாடாவையெல்லாம் உருவிக்கொண்டு, முடிவுக் கோட்டைக் கடந்தது. அன்று அந்தக் கோட்டில் யாருக்கும் நிற்காமல் போனது அது ஒன்றுதான். நாணலைப் பிளந்துகொண்டு போய், ஓரேத்தோ ஆற்றின் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. குகதாசன் உள்ளே கைகூப்பியபடி இருந்தார். கரகோசத்துக்குக் கூப்பிய கையை எடுக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

சனங்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். விதுரன் மட்டும் தடுமாறவில்லை. அவன் செயலாளர்.

“பிரதம விருந்தினர் அவர்கள் தற்பொழுது ஆற்றைத் திறந்து வைக்கிறார்கள்,” என்று அறிவித்தான். “கரகோசம்!”

கரகோசம் ஓயமுன்னரே வீதியில் மாநகரப் பொலிஸ் வாகனம் வந்து நின்றது. அக்கரைக் கிழவன் சத்தத்துக்காக அழைத்திருந்தான். வந்த இருவரும் சரிவில் இறங்கி, மேடையைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து, ஆற்றுக்குள் மாலையோடு நின்ற லாப்பாவைப் பார்த்தார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆற்றுக்குள் வாகனம் தள்ளுவதற்குத் தண்டம் என்னவென்று தெரியுமா என்று கேட்டார். பிறகு, இந்த லாப்பா யாருடையது என்று கேட்டார்.

ஜெயரட்ணம் நல்ல இத்தாலிய மொழியில் மறுமொழி சொன்னார். “தெரியாது. இதை நான் இன்றைக்குத்தான் காண்கிறேன்.”

“நீங்கள் யார்?”

“வழியாலே போனவன்.” அவர் தோளில் இரண்டு பொன்னாடைகள் இருந்தன.

விருந்தினரை இரண்டு பேர் பிடித்துக் கரையேற்றினார்கள். பொலிஸ்காரர் அவரையும் கேட்டார்கள். தான் உல்லாசப் பயணி என்றார். காற்சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

“இங்கே என்ன நிகழ்ச்சி?”

“நிகழ்ச்சி ஒன்றும் நடக்கவில்லை,” என்றான் விதுரன், ஒன்றியத்தின் முழுப்பெயரும் எழுதிய பதாகைக்குக் கீழே நின்றுகொண்டு. கழுத்து அட்டையைச் சட்டைக்குள் விட்டிருந்தான். பிறின்ஸ் அவனை அட்டை இல்லாமல் கண்டது அன்றுதான்.

பெரிய பொலிஸ்காரர் சலித்துப்போய் எல்லோரையும் பொதுவாய்ப் பார்த்தார். “அப்படியென்றால் இது ஒருவருடையதும் இல்லையா?”

காப்பாளர்கள் காலைப் பார்த்தார்கள். போசகர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

பிறின்ஸ் கையை உயர்த்தினான்.

“மியா,” என்றான். என்னுடையது.

அன்று முழுக்க அவன் சொன்னவற்றில் ஒருவரும் மறுக்காத ஒரே சொல் அது. பொலிஸ்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சேறு, பெரிய சப்பாத்து, தோளில் துருத்திய காய்ப்பு. பல்லாரோவில் கண்ட முகம்போலும்.

“இருட்டமுன்னம் வெளியே எடுத்துவிடுவாயா?”

“ஓம். எடுப்பன்,” என்று பிறின்ஸ் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஓம் என்பதை இத்தாலிய மொழியில் “சீ, சீ” என்று சொல்லித் தலையாட்டினான். பொலிஸ்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு காத்திருந்தது. போய்விட்டார்கள்.

அனிற்றா குடையை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றினாள். சிந்துஜன் கயிறு தேடப் போனான். ஒலிபெருக்கி வயர் இருந்தது. அது போதும்.

பிறின்ஸ் தண்ணீருக்குள் காலை வைத்தபோது பின்னால் யாரோ செருமினார்கள். ஜெயரட்ணம். பொலிஸ் வாகனம் வளைவில் மறைந்துவிட்டதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

“தம்பி, நல்ல காரியம் செய்தீர். எதுக்கும் ஒண்டு சொல்லுறன். வெளியாலை எடுத்துக் கழுவினாப் பிறகு, பின்பக்கத்திலை ஒன்றியத்தின்ரை பெயரை எழுதிவிடும். அன்பளிப்பு எண்டு.”

பிறின்ஸ் லாப்பாவின் பின்பெட்டியைப் பார்த்தான். அதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“பெயர் நீளம் அண்ணை,” என்றான். “இடம் காணாது.”